40 பழைய மடிக்கணினிகள்: ஊர்ப் பள்ளிக்கு அனுப்ப வழி சொல்லுங்கள்

ஈசூன்வாசி | திங்கள், இரவு 9.42

அனைவருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் இடத்தில் 40 மடிக்கணினிகளை மாற்றுகிறார்கள். நான்கு ஆண்டுகள் ஓடியவை. மூடியில் கீறல் இருக்கிறதே தவிர, வேலையில் குறையில்லை. உள்ளிருக்கும் தகவல்களை முழுமையாக அழித்தபின் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அப்பாவின் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அவர் படித்த நடுநிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று என் திறன்பேசியை மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள். அன்றைக்கே மனத்தில் விழுந்த எண்ணம் இது. பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டால், சனிக்கிழமைதோறும் இங்கிருந்தே இணையம் வழியாக வகுப்பு எடுக்கலாம். என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அவன் பையில் இருக்கும் கணினிக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கப்பலில் அனுப்ப எவ்வளவு ஆகும்? யாராவது செய்திருக்கிறீர்களா? பாடம் நடத்த நேரம் தரக்கூடியவர்களும் கை தூக்குங்கள்.

பெட்டிக்கணக்கு | திங்கள், இரவு 10.15

தம்பி, நல்ல மனம். ஆனால் 15 ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன் என்பதால் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டியவன் நான்தான்.

பயன்படுத்திய கணினிகளை இந்தியா கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதிப் பட்டியலில் வைத்திருக்கிறது. முன் அனுமதி வேண்டும். நன்கொடை என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டினால் சுங்கத்துறைக்கு மனம் இரங்கிவிடாது. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். நாற்பது சித்தப்பா பெரியப்பாக்கள் ஒரே மாதத்தில் ஊருக்குப் போகிறார்களா?

அடுத்தது பேட்டரி. நான்கு ஆண்டு ஓடிய லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் எந்த விமானமும் ஏற்றாது, கப்பலிலும் தனிப் பத்திரம் கேட்பார்கள். மூன்றாவதாக, 2025 ஜனவரி 1 முதல் அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. எந்த வகை மின்கழிவாக இருந்தாலும் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். ஓடாத இரண்டு மூன்று கலந்திருந்தால் உங்கள் நன்கொடை கழிவாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு இப்படித்தான் ஒரு கன்டெய்னர் நிறைய அனுப்பியது. பெயர் வேண்டாம். துறைமுகத்தில் கிடந்து கிடந்து, டெமரேஜ், அதாவது துறைமுகத் தாமதக் கட்டணம் மட்டும் சரக்கின் விலையைத் தாண்டியது. கடைசியில் யாரும் எடுக்கவில்லை.

ஈசூன்வாசி | திங்கள், இரவு 10.31

அண்ணே, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். அப்படியானால் இங்கே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் அங்கேயே வாங்கிக் கொடுக்கலாமா?

எண்கணக்கு | திங்கள், இரவு 11.08

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. கணினி கொடுத்தால் பிள்ளைகள் கற்பார்கள் என்று யார் சொன்னது?

2005இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று புறப்பட்டார். நூறு டாலர் விலை என்றார்கள். தயாராகி வரும்போது இருநூறை நெருங்கிவிட்டது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கி மலைக்கிராமங்கள் வரை கொண்டுபோனது. அங்கே 319 தொடக்கப்பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். முன்பு எட்டு மாணவர்களுக்கு ஒரு கணினி இருந்த இடத்தில் ஆளுக்கு ஒன்றுக்கு மேலேயே வந்துவிட்டது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் என்று காட்ட ஒன்றுமில்லை. பொதுச் சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது ஏற்றம். இத்தனைக்கும் பெரும்பாலான பள்ளிகளில் இணையம் கிடையாது. பாடத்தில் அதை எங்கே நுழைப்பது என்று ஆசிரியருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தியாவுக்கு வாருங்கள். பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் 'அசர்' ஆய்வின்படி, நாட்டுப்புறத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில், வீட்டில் திறன்பேசி இருந்தவர்கள் 2018இல் 36.5 விழுக்காடு. 2020இல் அது 61.8. 2021இல் 67.6. கொரோனாவில் பள்ளி மூடியதும் கடனோ உடனோ வாங்கிவிட்டார்கள். ஆனால் 2021இல், வீட்டில் திறன்பேசி இருந்தும் தொடவே கிடைக்காத பிள்ளைகள் 26.1 விழுக்காடு. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அல்லது அண்ணன் கையில் இருக்கும். 'வீட்டில் இருக்கிறது' என்பதும் 'பிள்ளைக்குக் கிடைக்கிறது' என்பதும் வேறு வேறு. அரசாங்கங்கள் முதல் எண்ணை மேடையில் சொல்லும்.

ஆக, 40 கணினி என்பது கொடுப்பவரின் மனநிறைவுக்கான திட்டம்.

செம்பவாங் அம்மா | செவ்வாய், காலை 6.50

//கொடுப்பவரின் மனநிறைவுக்கான திட்டம்//

காலையிலேயே இதைப் படித்து எரிச்சலாக இருக்கிறது. ஒருவர் நல்லது செய்ய நினைத்தால் இப்படியா முகத்தில் அடிப்பது?

ஆனால் நீங்கள் சொன்ன அந்த 26 விழுக்காடு எங்கள் வீட்டிலும் நடந்தது. தமிழ்நாட்டில் அல்ல, இங்கே, மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில். 2020 ஏப்ரலில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கணினி. அதுவும் பள்ளி இரவல் தந்தது. பெரியவளுக்கு அந்த ஆண்டு தேர்வு என்பதால் கணினி அவளுக்கு. நடுவில் உள்ளவனுக்கு என் திறன்பேசி. கடைசிப் பிள்ளை தொடக்கநிலை ஒன்று. அவள் என்ன கற்றாள் என்று யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் பெரியவள், படுக்கையறையில் நடுவிலவன், கழிவறைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு என் கணவரின் அலுவலகக் கூட்டம்.

நடுவிலவன் இரண்டே வாரத்தில் ஒரு டிஜிட்டல் திறன் கற்றான்: கேமராவை அணைத்துவிட்டுப் பெயரை மட்டும் திரையில் விட்டுவிட்டு விளையாடுவது.

பழைய சுண்ணக்கட்டி | செவ்வாய், காலை 9.20

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அந்த ஏப்ரலை மறுபக்கத்தில் இருந்து பார்த்தவள்.

7 ஏப்ரல் 2020 அன்று கொரோனா முடக்கமான முறியடிப்புத் திட்டம் தொடங்கியது, மறுநாள் 8ஆம் தேதி முழுமையான வீட்டிலிருந்தபடி கற்றல். நமக்கு ஒரு வாய்ப்பு, கல்வி அமைச்சின் இணையப் பாடத்தளமான மாணவர் கற்றல் தளம் 2018இலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் வந்திருந்தது. பாடங்கள் உள்ளே இருந்தன, பிள்ளைகளிடம் கடவுச்சொல் இருந்தது. அப்படியிருந்தும் முதல் வாரமே தள்ளாட்டம். ஒரு புவியியல் வகுப்பின் ஸூம் சந்திப்பில் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டியதால் கல்வி அமைச்சு ஸூமையே சில நாள் நிறுத்திவைத்தது. என் வகுப்பில் கடவுச்சொல்லை மறந்த பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லியே இரண்டு காலைகள் போயின.

20,000க்கு மேற்பட்ட கணினிகளும் கைக்கணினிகளும் இரவலாகப் போயின. வீட்டில் இடமில்லாதவர்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் பள்ளிக்கே வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தோம். இது பலருக்கு மறந்துவிட்டது. நாடு முழுவதும் மின்சாரமும் கம்பி இணையமும் உள்ள இந்தச் சின்னத் தீவிலேயே 'சில பிள்ளைகளுக்கு வீடு பள்ளியாகாது' என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்ற திட்டத்தை முதலில் 2028க்குள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதை 2021க்கே இழுத்துக்கொண்டு வந்தார்கள். அரசு பிள்ளைகளின் பெயரில் போடும் எடுசேவ் கல்விப் பணத்தில் வாங்கலாம், போதாதவர்களுக்கு உதவி உண்டு. ஆனால் ஈசூன் தம்பி, உங்கள் மகன் பையில் இருக்கும் கணினியோடு அதைப் பூட்டித் திறக்கும் மேலாண்மைச் செயலி, பழுதானால் பார்க்கப் பள்ளியிலேயே ஒரு ஆள், பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லாம் கூடவே வருகின்றன. பையில் தெரிவது கணினி மட்டும்தான்.

இன்னொன்று, கொஞ்சம் இழைக்கு வெளியே. என் வகுப்பில் தட்டச்சு செய்யச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கிறார்கள். 'அம்மா'வுக்கு முன்னால் ஆங்கில ஏ வந்து நிற்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. நான்கு நாள் பழகினால் போதும். அதைக் கற்றவன் ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று விசை என்று விரலால் அறிவான். 1997 மே மாதம் நா. கோவிந்தசாமி இங்கே தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டினார். அவரும் ஆசிரியர்தான், 'கணியன்' தமிழ் மென்பொருளைச் செய்தவர். தமிழ் இணையத்தின் தொட்டில்களில் ஒன்று இந்த ஊர் என்று என் மாணவர்களுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். டிஜிட்டல் திறன் என்றால் நான் முதலில் நினைப்பது இதைத்தான். யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

இலவசக்கணினி2013 | செவ்வாய், பிற்பகல் 12.40

எண்கணக்கு ஐயாவுக்கு ஒரு மறுப்பு.

2011இல் தமிழ்நாட்டில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் 2013இல் எனக்கும் ஒன்று கிடைத்தது. வீட்டில் இணையம் கிடையாது. பெரும்பாலும் படம்தான் பார்த்தோம். பொய் சொல்ல மாட்டேன். பென்டிரைவில் படம் ஏற்றித் தருவதற்கென்றே பஸ் நிலையத்தில் கடைகள் இருந்தன. என் வகுப்பில் ஏழெட்டுப் பேர் கணினியை வந்த விலைக்கு விற்றார்கள்.

ஆனால் அந்த இயந்திரத்தில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று இந்தியாவில் உருவான இலவச இயங்குதளமான பாஸ் லினக்ஸ். விண்டோஸைக் கெடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லப் பயந்து, லினக்ஸைத் திறந்து நானே நோண்டிச் சரிசெய்தேன். அந்தப் பயத்தில் கற்றதுதான் இன்று இங்கே ஒன்-நார்த் தொழில்நுட்ப வளாகத்தில் எனக்குச் சோறு போடுகிறது. உங்கள் 319 பள்ளிக் கணக்கில் சராசரி வரும். சராசரியில் நான் எங்கே இருக்கிறேன்?

எண்கணக்கு | செவ்வாய், பிற்பகல் 1.15

நீங்கள் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறீர்கள் நண்பரே, உங்கள் ஏழெட்டு நண்பர்களும் கூடவே இருக்கிறார்கள். கையில் கொடுத்தால் தானே மேலேறும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருப்பான். கொள்கை வகுப்பது மற்றவர்களுக்காக. தவிர, நீங்கள் அப்போது பதினொன்றாம் வகுப்பு, படிக்கத் தெரிந்தவர். ஈசூன் நண்பர் பேசுவது நடுநிலைப் பள்ளி.

இலவசக்கணினி2013 | செவ்வாய், பிற்பகல் 1.22

//கொள்கை வகுப்பது மற்றவர்களுக்காக//

அந்த மற்றவர்களில் யார் மேலேறுவான் என்று கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. என் ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை. என்னைக் கடைசி பெஞ்சில்தான் வைத்திருந்தார்கள்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், பிற்பகல் 2.05

மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. மடிக்கணினியை எந்தக் கட்சி கொடுத்தது, எந்தக் கட்சி நிறுத்தியது என்பது இந்த இழைக்குத் தேவையில்லை. அதற்கு வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

வல்வைப்பெண் | செவ்வாய், மாலை 6.30

நான் யாழ்ப்பாணம். இங்கே வந்து ஒன்பது ஆண்டுகள். அக்கா வன்னியில் ஒரு பாடசாலையில் தரம் ஒன்பதுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்.

நீங்கள் எல்லோரும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆசிரியரைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். 2020, 2021இல் எங்கள் நாட்டில் இணையக் கல்வி என்றால் பெரும்பாலும் வட்ஸ்அப்தான். அக்கா கரும்பலகையில் எழுதுவதைக் கொப்பியில் எழுதி, கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் குழுவில் போடுவார். பிள்ளைகள் விடையை எழுதி அதையும் படம் பிடித்து அனுப்புவார்கள். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு நான்கு படங்கள், வெளிச்சமில்லாத வீட்டில் எடுத்தவை. இரவு பதினொரு மணிக்கு அந்தச் சிறிய திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தியதில் அக்காவின் கண் போனது. டேட்டா காசு அவருடைய சம்பளத்தில் இருந்துதான் போனது. பல படங்களைச் சேர்த்து ஒரே கோப்பாக்கலாம் என்று நான் இங்கிருந்து சொல்லிக் கொடுத்தபோது அழுதே விட்டார். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு!

தொலைக்காட்சியில் குருகுலம் அலைவரிசையில் பாடங்கள் போயின. நல்ல பாடங்கள். ஆனால் கேள்வி கேட்க முடியாது. பதுளைப் பக்கம் பொகிட்டியாவ என்ற ஊரில் சிக்னலுக்காக ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டுக்குள் நடந்து பாறை உச்சிக்கு ஏறிய படங்கள் 2021இல் உலகம் முழுக்க வந்தன. மலேசியாவின் சபாவில் ஒரு மாணவி மரத்தில் ஏறி இருந்து பரீட்சை எழுதியது அதற்கு முதல் வருடம். எல்லோரும் 'என்ன விடாமுயற்சி' என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. பிள்ளை ஏன் மரத்தில் ஏற வேண்டும்?

பிறகு 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. இணையத்தை விடுங்கள். மேல் மாகாணத்தில் அச்சடிக்கத் தாள் இல்லை என்று தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். கணினிக்கும் மின்சாரம் இல்லை, பரீட்சைக்கும் தாள் இல்லை. 40 கணினி கொடுக்கும் அண்ணா, அங்கே மின்சாரம் எப்படி என்று கேட்டுவிட்டீர்களா?

ஈசூன்வாசி | செவ்வாய், இரவு 8.10

கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. தலைமையாசிரியர் எண்ணை அப்பா வைத்திருக்கிறார். நாளை பேசுகிறேன்.

துவாஸ் இரவுப்பணி | புதன், அதிகாலை 4.35

எல்லாருக்கும் வணக்கம். நான் அதிகம் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. இப்போது இடைவேளை.

ஊர் அறந்தாங்கிப் பக்கம். பத்தாவது வரை படித்தேன். 2020இல் என் மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியை மூடியதும் மச்சானிடம் பணம் அனுப்பி 9,000 ரூபாய்க்கு ஒரு திறன்பேசி வாங்கிக் கொடுத்தேன். அப்போது நாங்கள் இங்கே தங்குவிடுதிக்குள் அடைபட்டிருந்தோம். வெளியே போக முடியாது, வேலையும் இல்லை. கையில் இருந்ததைத்தான் அனுப்பினேன்.

எண்கணக்கு ஐயா சொன்னதுதான் நடந்தது. போனைப் பெரியவன் வாங்கிக்கொண்டான். மகளுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கிடைக்கும், அதற்குள் தூங்கிவிடுவாள். கல்வித் தொலைக்காட்சியில் அவள் வகுப்புக்குப் பாடம் வரும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் போனதுதான். அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. 2019இலேயே அந்த அலைவரிசையைத் தொடங்கியிருந்ததால் அதாவது இருந்தது.

எனக்கு விடுதியில் பகல் முழுதும் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு, மகளைக் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். 'எந்தப் பக்கம்? முதல் கணக்கைப் படி.' அவள் படிப்பாள், நான் இங்கே சிமென்ட் பை அட்டையில் எழுதிக்கொள்வேன். நான் ஒரு விடை சொல்வேன், அவள் ஒரு விடை சொல்வாள். பல நாள் அவள் விடைதான் சரி. வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உண்மையில் எனக்குப் பின்னம் மறந்து போயிருந்தது. பக்கத்துக் கட்டில் வங்காளதேசத்துத் தம்பி படித்தவன், அவனிடம் கேட்டு மறுநாள் திருத்திச் சொல்வேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, ஆனால் கணக்கு ஒன்றுதானே.

மூன்றரை மாதம் தினமும் இருபது நிமிடம். இப்போது அவள் பத்தாம் வகுப்பு. கணக்கில் நன்றாக வருகிறாள். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லவில்லை. அவள் ஆசிரியை கெட்டிக்காரர். மணி ஆகிவிட்டது, போகிறேன்.

எண்கணக்கு | புதன், காலை 7.45

இரவுப்பணி அண்ணனுக்கு: நீங்கள் சிமென்ட் பை அட்டையில் செய்ததையே அந்த ஆண்டில் போட்ஸ்வானா நாட்டில் ஆராய்ச்சியாகச் செய்து பார்த்தார்கள். நோம் ஆங்கிரிஸ்டும் உடன் ஆய்வாளர்களும். ஏறத்தாழ 4,500 குடும்பங்கள், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியில் கணக்கு மட்டும் போனது. இன்னொரு பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பு. ஸ்பீக்கரைப் போட்டுப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். இணையம் வேண்டாம், திறன்பேசியும் வேண்டாம். குறுஞ்செய்தி மட்டும் போன பிரிவில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. அழைப்பும் சேர்ந்த பிரிவில் 0.12 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று அளக்கும் அலகு) முன்னேற்றம். எண்ணைப் பார்த்தால் சிறியது, செலவைப் பார்த்தால் பெரியது. 2022இல் வெளியிட்டார்கள். பிறகு இந்தியா, நேப்பாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டாவிலும் செய்து பார்த்தார்கள், அங்கும் பலித்தது.

குறுஞ்செய்தி போனதும் அதே கணக்குதான். கூப்பிட்டுக் கேட்க ஒரு குரல் இருந்ததுதான் வேறுபாடு.

திரையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை மாலை நேர மையங்களில் வைத்துப் பார்த்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்கம் ஏறியது. காரணம், ஏழாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்பு அளவில் நின்றால் அங்கிருந்தே அது தொடங்கும். ஆசிரியரால் ஐம்பது பேருக்கு ஐம்பது இடத்தில் தொடங்க முடியாது. ஆனால் அது வீட்டில் தூக்கிக் கொடுத்த கணினி அல்ல. மையத்தில், கண்காணிக்க ஆள் இருக்க, மணி அடித்து நடந்தது.

முன்பு நான் எழுதிய 'மனநிறைவு' என்ற வரி கடுமையானது. ஈசூன் நண்பர் மன்னிக்கவும்.

துவாஸ் இரவுப்பணி | புதன், பிற்பகல் 3.10

போட்ஸ்வானா எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் வரைபடத்தில் பார்த்தேன். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர், ஒருவருக்கும் தெரியவில்லை.

ஈசூன்வாசி | புதன், இரவு 9.55

தலைமையாசிரியரிடம் பேசினேன். முக்கால் மணி நேரம். அப்படியே எழுதுகிறேன்.

பள்ளியில் ஏற்கெனவே ஐந்து கணினிகள் இருக்கின்றனவாம். மூன்று ஓடும். யுபிஎஸ் பேட்டரி போய் ஒன்றரை ஆண்டாகிறது. மின்சாரம் நின்றால் பாடமும் நிற்கும். பாடப்புத்தகத்தில் க்யூஆர் குறியீடு இருக்கிறது, அதை ஸ்கேன் செய்தால் காணொளி வரும். ஆசிரியர் தன் கைப்பேசியில் தட்டி, வகுப்புக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார். கடைசி வரிசைக்கு ஒலி மட்டும் கேட்கும். '40 கணினி வந்தால் எங்கே சார் வைப்பது? காலியாக ஓர் அறை இருக்கிறது, அதற்குக் கதவு இல்லை' என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, 'ஆறாம் வகுப்பில் பதினோரு பேருக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை. பள்ளி மூடியிருந்த காலத்தில் முதல் வகுப்பில் இருந்தவர்கள். நவம்பர் 2021 வரைக்கும் பள்ளியையே பார்க்காத பிள்ளைகள். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலர் ஒரு பெண் வந்து மாலையில் சொல்லிக் கொடுத்தார், திருமணமாகிப் போய்விட்டார்' என்றார்.

பதினோரு பேர். நான் சனிக்கிழமை வகுப்பு, காணொளி, திரைப்பகிர்வு என்றெல்லாம் ஓர் அட்டவணையே போட்டு வைத்திருந்தேன்.

பெட்டிக்கணக்கு | புதன், இரவு 10.20

பேட்டரிக்கு ஊரிலேயே ஆள் இருப்பான். பணத்தை அனுப்பிவிடலாம், நான் பாதி தருகிறேன். கதவுக்கும் சேர்த்து விலை கேளுங்கள். கணினிகளை இங்கேயே புதுப்பித்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. வசதி குறைந்த குடும்பங்களுக்குப் போகும். உங்கள் மேலாளர் ஒப்புக்கொள்வார். கன்டெய்னர் வேண்டாம்.

இலவசக்கணினி2013 | புதன், இரவு 10.41

39 போதும். ஒன்றை நான் ஜூனில் ஊருக்குப் போகும்போது பயணப் பையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பெட்டிக்கணக்கு அண்ணே, பழையதை எடுத்துப்போகும் விதி என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். லினக்ஸ் போட்டு, தமிழ்99 போட்டுத் தருகிறேன். நோண்டிக் கெடுக்க ஒரு கணினியாவது அந்தப் பள்ளியில் இருக்கட்டும்.

பழைய சுண்ணக்கட்டி | வியாழன், காலை 8.05

பதினோரு பிள்ளைகள் என்றால் நாம் ஆளுக்கு ஓர் இரவாக அழைத்துப் பேசலாமே. நான் தயார். ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். எண்களைத் தலைமையாசிரியர் வழியாகவே, பெற்றோரின் சம்மதத்தோடு வாங்க வேண்டும். அழைப்பு பெற்றோர் எண்ணுக்கே போக வேண்டும். ஸ்பீக்கரில், அம்மாவோ ஆத்தாவோ பக்கத்தில் இருக்க வேண்டும். தனியாகப் பிள்ளையோடு யாரும் பேசக்கூடாது. பிள்ளைகளின் படத்தையோ பெயரையோ இங்கே யாரும் போடக்கூடாது. பாடத்தை ஒரே ஒழுங்கில் எழுதித் தருகிறேன்: இரண்டு இலக்கக் கழித்தலில் தொடங்கலாம். முதல் அழைப்பில் பாடம் வேண்டாம், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று நான்கு கணக்குகளில் கண்டுபிடித்தால் போதும்.

நம் ஒன்பது மணி அங்கே ஆறரை. விளக்கு வைத்து, விளையாடி முடித்து வந்திருப்பார்கள்.

வல்வைப்பெண் | வியாழன், காலை 8.40

ஆசிரியை, உங்கள் பாட ஒழுங்கை என் அக்காவுக்கும் அனுப்பலாமா? புதன் இரவு எனக்கு எழுதிக்கொள்ளுங்கள். என் தமிழைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், பரவாயில்லை.

செம்பவாங் அம்மா | வியாழன், காலை 11.15

வியாழன் நான். கடைசிப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். அந்த ஆண்டு முதல் வகுப்பில் இருந்தவள்தானே இவளும். யார் யாருக்குக் கழித்தல் சொல்லித்தரப் போகிறார்கள் என்று பார்ப்போம்.

எண்கணக்கு | வியாழன், பிற்பகல் 1.30

முன்னும் பின்னும் அளக்க ஒரு சிறு வினாத்தாள் செய்கிறேன். பதினோரு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. தெரியும். இருந்தாலும் செய்கிறேன். வெள்ளிக்கிழமை அழைப்பும் எனக்கு.

ஈசூன்வாசி | வியாழன், இரவு 8.25

தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். ஒன்பது வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. இருவர் வீட்டில் போன் ரீசார்ஜ் இல்லை, நாளை போட்டுவிடுகிறேன். திங்கள் நான், புதன் வல்வை, வியாழன் செம்பவாங், வெள்ளி எண்கணக்கு, சனி ஆசிரியை. செவ்வாய்க்கிழமைக்கு ஆள் வேண்டும்.

துவாஸ் இரவுப்பணி | வெள்ளி, அதிகாலை 4.30

அடுத்த மாதத்தில் இருந்து எனக்குச் செவ்வாய் ஓய்வு. எழுதிக்கொள்ளுங்கள். கழித்தல், பெருக்கல், பின்னம் வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். தசமம் வந்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். வங்காளதேசத்துத் தம்பி இப்போது வேறு விடுதிக்குப் போய்விட்டான், போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.